ராத்திரி வார்டு யார் பொறுப்பு?

பெரிய ஆஸ்பத்திரியில காலை ரவுண்ட்ஸ் பார்த்திருப்பீங்க. சீஃப் முன்னாடி நடக்க, தேரிழுக்குற மாதிரி பின்னாடி பத்துப் பதினைஞ்சு பேர் வருவாங்க. அதே வார்டுக்கு ராத்திரி ரெண்டு மணிக்குப் போய்ப் பாருங்க. ஒரு ஹவுஸ் சர்ஜன் இருப்பார், வயசு இருபத்தி மூணு இருக்கும். அவருக்கு மேல முதல் வருஷ பி.ஜி. ஒருத்தர். அவருக்கும் மேல, டூட்டி ரூமில் சீனியர் ரெசிடெண்ட். அவ்வளவுதான். வீட்டுல தூங்கிட்டிருக்கற பேராசிரியரை எழுப்பணுமா, காலைல வரைக்கும் தள்ளலாமான்னு முடிவு பண்றது இந்த மூணு பேர்தான்.

ஒருத்தருக்கு வைத்தியம் பார்க்கத் தெரியும்னு சொல்றதுக்குப் பரீட்சை இருக்கு, பட்டம் இருக்கு, கவுன்சில் பதிவு நம்பர் இருக்கு. ஆனா இன்னொருத்தர் பார்க்குற வைத்தியத்துக்கு இவர் பொறுப்பேத்துக்கலாம்னு யார் முடிவு பண்றாங்க, எதை வச்சு? இந்தக் கேள்வியைப் பிடிச்சுக்கிட்டு கொஞ்ச நாளா பழைய கதைகளைப் படிச்சிட்டிருந்தேன். அதுல கிடைச்சதுதான் இது. நீளமாத்தான் இருக்கும், டீ போட்டுட்டு வந்து உக்காருங்க. (குழு, தகுதின்னு ஆரம்பிச்சதும் உத்திரமேரூர் குடவோலைக்குப் போயிடுவேனோன்னு பயப்பட வேண்டாம். 1835லேர்ந்துதான் ஆரம்பிக்கிறேன் :-) )

மெட்ராஸ் ஜெனரல் ஆஸ்பத்திரி அதுக்கு ரொம்ப முந்தியது. 1664ல செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள்ள, கம்பெனி சிப்பாய்களுக்காக ஆரம்பிச்சது. ஆனா அங்க முறையா மருத்துவம் சொல்லிக் கொடுக்க ஆரம்பிச்சது 1835 பிப்ரவரி 2ஆம் தேதி. கவர்னர் சர் ஃப்ரெடரிக் ஆடம் காலம். டாக்டர் வில்லியம் மார்ட்டிமர்னு ஒருத்தர் சொந்தமா நடத்திட்டிருந்த பயிற்சிக்கூடத்தை அரசு எடுத்து மெட்ராஸ் மருத்துவப் பள்ளின்னு ஆக்கினாங்க. முதல் செட்டில் 21 பேர். அதுல 10 பேர் 'அப்ரெண்டிஸ்'. ஐரோப்பிய, கலப்புக் குடும்பத்துப் பசங்க. மிச்சம் 11 பேர் 'நேட்டிவ் ப்யூபில்', நம்ம ஆளுங்க.

இந்தப் பத்தும் பதினொண்ணும் சும்மா எண்ணிக்கை இல்லைங்க. அப்ரெண்டிஸ் படிச்சு முடிச்சா அப்போதிக்கரி வரிசையில போவார். நேட்டிவ் ப்யூபில் முடிச்சா டிரஸ்ஸர். அதாவது புண்ணுக்குக் கட்டுக் கட்டறவர். ரெண்டு பேருக்கும் மேல சர்ஜன். சர்ஜன் கப்பல்ல வருவார், இந்தப் பள்ளிக்கூடத்துலேர்ந்து வர மாட்டார். பெஞ்சுல உட்காரும்போதே யார் எந்தப் படியில நிக்கணும்ங்கறது எழுதியாச்சு. பரீட்சை என்பது அந்தப் படிக்குள்ள நுழையறதுக்கு மட்டும்தான். அடுத்த படிக்குப் பரீட்சையே கிடையாது.

இத்தனைக்கும் சர்ஜன் இல்லாத நேரத்துல ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கிட்டது அப்போதிக்கரிதான். பொறுப்பு இருந்துச்சு. 'பொறுப்பு' என்ற பேர் மட்டும் இல்லை. இந்த வித்தியாசத்தை மனசுல வச்சுக்குங்க, கடைசி வரைக்கும் வரும்.

1850ல பள்ளி கல்லூரியாச்சு. 1857ல மெட்ராஸ் பல்கலைக்கழகம் வந்ததும் அதோட சேர்ந்துச்சு. இந்தியர்கள் முழுப் படிப்பு படிச்சு வெளிய வந்தாங்க. வந்து? கல்கத்தாவுல அதுக்கு முன்னாடியே வழி காட்டிட்டாங்க. அங்க 1838ல தேறின முதல் மாணவர்களுக்கு 'சப் அசிஸ்டெண்ட் சர்ஜன்'னு ஒரு பதவி கொடுத்தாங்க. அந்தப் பேரைக் கொஞ்சம் பிரிச்சுப் பாருங்க. சர்ஜனுக்கு உதவியா இருக்கறவருக்கும் கீழ. தேர்வுக் குழு 'இவங்களுக்குத் தொழில் தெரியும்'னு சொல்லியாச்சு. ஆனா 'இவங்க மேல இருக்கலாம்'னு சொல்றது அந்தக் குழுவோட வேலை இல்லை. அது வேற இடத்துல முடிவாகும்.

அந்த வேற இடம் லண்டன். 1855லேர்ந்து இந்திய மருத்துவப் பணிக்கு, அதாவது ஐ.எம்.எஸ்.க்கு, போட்டித் தேர்வு வச்சாங்க. தேர்வு லண்டன்ல மட்டும். எழுதணும்னா கப்பல் ஏறணும். ஏறினவர் ஒருத்தர் உண்டு: வங்காளத்து சூர்ஜோ கூமர் குடீவ் சக்கரவர்த்தி. அந்த முதல் வருஷமே எழுதித் தேறினார். ஐ.எம்.எஸ்.ல நுழைஞ்ச முதல் இந்தியர். இது ஒரு பெரிய விஷயம்தான், குறைச்சுச் சொல்லலை. ஆனா அந்தப் பரீட்சை எதைக் கேட்டுச்சு? உடற்கூறு, அறுவை, மருந்து, வேதியியல் இப்படித்தான். தேறி இந்தியாவுக்கு வந்த இளைஞர், ஒரு மாவட்டத்து ஆஸ்பத்திரிக்கே தலைவரா ஆகலாம். அவருக்குக் கீழ இருபது வருஷம் அனுபவம் உள்ள இந்திய அசிஸ்டெண்ட் சர்ஜன் வேலை பார்ப்பார். மேற்பார்வை செய்யத் தகுதி இருக்கான்னு ரெண்டு பேரையும் யாரும் சோதிக்கலை. ஒருத்தர் எழுதின பரீட்சையோட ஊர், அந்தக் கேள்விக்குப் பதிலா ஆயிடுச்சு.

நம்ம ஊர்ல இன்னிக்கும் "இங்க யாருப்பா இன்சார்ஜ்?"னு கேக்கறோம் இல்லையா? அந்த 'சார்ஜ்' அந்தக் காலத்துச் சொத்துதான். 'அசிஸ்டெண்ட் சர்ஜன்' என்ற பேரும் செத்துப் போகலை. தமிழ்நாடு அரசு 2012ல அமைச்ச மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு டாக்டர் எடுத்தா, பதவிப் பேர் உதவி அறுவை மருத்துவர்தான். அவர் வாழ்க்கையில கத்தி பிடிக்காட்டியும் அதே பேர்தான்.

பொம்பளைங்க கதை இன்னும் சுவாரசியம். 1875ல மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி நாலு பெண்களைச் சேர்த்துக்கிச்சு. சர்ஜன் ஜெனரல் எட்வர்ட் பால்ஃபர் பின்னாடி நின்னார். அந்த நாலு பேர்ல ஒருத்தர் மேரி ஷார்லீப், மெட்ராஸ்ல இருந்த ஒரு வக்கீலோட மனைவி. 1878ல இங்க தேறினார். அதுக்கப்புறம் லண்டன் போய் 1882ல அங்கயும் பட்டம் வாங்கி, 1883ல திரும்பி வந்தார். கோஷா பெண்களுக்கான ஆஸ்பத்திரியை ஆரம்பிச்சார் (நம்ம திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரி, கோஷா ஆஸ்பத்திரின்னு சொன்னாத்தான் ஆட்டோக்காரருக்கு இன்னிக்கும் புரியும்). அதோட மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில பிரசவ மருத்துவம் சொல்லிக் கொடுத்தார். பல்கலைக்கழகத்துல அதே பாடத்துக்குத் தேர்வாளராவும் உட்கார்ந்தார். உள்ள விடலாமா வேணாமான்னு யோசிச்ச இடத்துல, பத்து வருஷத்துக்குள்ள, உள்ள வர்றவங்களை எடை போடற நாற்காலி அவங்களுக்கு.

முத்துலட்சுமி ரெட்டியைப் பத்தி எல்லாருக்கும் தெரியும். ஆனா அவங்க வாழ்க்கையில ஒரு வரி எப்பவும் வேகமா தாண்டப்படுது. 1912ல பட்டம் வாங்கினதும் எழும்பூர் அரசு மகப்பேறு ஆஸ்பத்திரியில ஹவுஸ் சர்ஜனா சேர்ந்த முதல் பெண் அவங்கதான். 'ஹவுஸ்'ங்கறது ஆஸ்பத்திரியையே குறிக்குது. அங்கயே தங்கி, ராத்திரி பகலா வார்டைப் பார்த்துக்கிறவர் ஹவுஸ் சர்ஜன். அதாவது நான் முதல் பாராவுல சொன்ன அந்த ராத்திரி ரெண்டு மணி. பரீட்சையில தங்க மெடல் வாங்க ஒரு பொண்ணை விட்டாங்க, சரி. அந்த ராத்திரியை ஒரு பொண்ணுகிட்ட ஒப்படைச்சாங்க பாருங்க, என்னைக் கேட்டா அதுதான் பெரிய தாண்டல்.

இதுக்கு நேர் எதிரா ஒரு ஊர் இருந்துச்சு, யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்துல மானிப்பாய். சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க மிஷன் டாக்டர் 1847ல இலங்கைக்கு வந்து, 1848லேர்ந்து பசங்களுக்கு மருத்துவம் சொல்லிக் கொடுக்க ஆரம்பிச்சார். 1860கள்ல முழுக்கத் தமிழ்லயே பாடம். இங்கிலீஷ்ல படிச்சா அரசாங்க உத்தியோகத்துக்கு ஓடிடுவாங்க, தமிழ்ல படிச்சா கிராமத்துல தங்குவாங்கங்கறது அவர் கணக்கு. உடற்கூறு, பிரசவம், ரணவைத்தியம், வேதியியல்னு ஒண்ணொண்ணா தமிழாக்கினார். 1873ல அவர் ஊருக்குத் திரும்பறதுக்குள்ள அறுபது பேருக்கு மேல தயாராயிட்டாங்க.

இந்த இடத்துல ரெண்டு பள்ளிக்கூடத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்க்கணும். மெட்ராஸ் தன்னோட மாணவரை மேல ஒருத்தர் இருப்பார்ங்கற நினைப்புல செஞ்சது. மானிப்பாய் தன்னோட மாணவருக்கு மேல யாருமே இருக்க மாட்டாங்கங்கற நினைப்புல செஞ்சது. கிராமத்துல அவர் தனியா நிப்பார். அவரே முடிவெடுப்பார். அதனால கிறீனுக்கு 'இவனைத் தனியா விடலாமா'ங்கற கேள்வியை வேற யார் தலைலயும் கட்ட முடியலை. குழு இல்லை, லண்டன் பரீட்சை இல்லை, கூடவே இருந்து பார்த்த ஆசிரியரோட கண்ணு மட்டும்தான். அதுல ஆபத்தும் உண்டு. ஒரு கண்ணுக்குப் பிடிச்சவன் பிடிக்காதவன்னு வந்துடும். கிறீன்கிட்ட அப்படி வந்துச்சுன்னு சொல்லலை, முறையில இருக்கற ஓட்டையைச் சொல்றேன்.

இப்ப 1920களுக்கு வருவோம். நான் படிச்சதுலயே என்னை அதிகம் யோசிக்க வச்ச பகுதி இதுதான்.

நம்ம பல்கலைக்கழகப் பட்டங்களை லண்டன்ல இருந்த ஜெனரல் மெடிக்கல் கவுன்சில் ஏத்துக்கிட்டிருந்துச்சு. அங்க போய்த் தொழில் பார்க்க, மேல்படிப்பு படிக்க, ஐ.எம்.எஸ். எழுத எல்லாத்துக்கும் அந்த அங்கீகாரம்தான் சாவி. முதல் உலகப் போர் முடிஞ்சதும் அந்தக் கவுன்சில் ஒரு கேள்வி கேட்டுச்சு: உங்க மாணவர்கள் பிரசவம் பார்க்கறாங்களா? புத்தகத்துல படிச்சாங்களான்னு கேக்கலை. தங்கள் கையால, மேற்பார்வையில, போதுமான எண்ணிக்கையில பார்த்திருக்காங்களா? எடின்பரோ டாக்டர் சர் நார்மன் வாக்கரை ஆய்வுக்கு அனுப்பினாங்க. அப்புறம் கர்னல் நீதம் என்ற ஐ.எம்.எஸ். அதிகாரியை ஆய்வாளராப் போட்டாங்க. பல கல்லூரிகள்ல பதில் சங்கடமா இருந்துச்சு. ஆம்பளை மாணவன் பிரசவ வார்டுக்குள்ள வர்றதை அன்னிக்கு எத்தனை குடும்பம் ஒத்துக்கும்? பெரும்பாலான பிரசவம் வீட்டுல மருத்துவச்சி கையில. ஆஸ்பத்திரிக்கு வர்ற கேஸ் கம்மி, மாணவர்கள் ஜாஸ்தி.

1924ல கல்கத்தா பட்டத்துக்கு அடி விழுந்துச்சு. 1930ல மொத்த இந்தியப் பட்டங்களுக்குமே அங்கீகாரம் போச்சு.

இங்க கோபம் பொங்கிச்சு. பொங்க வேண்டியதுதான். ஆறாயிரம் மைல் தள்ளி உட்கார்ந்திருக்கற ஒரு கவுன்சில், நம்ம காசுல ஒரு ஆய்வாளரை வச்சு நம்மளை எடை போடறது எந்த ஊர் நியாயம்னு சட்டசபையில கேட்டாங்க. அதுல அரசியல் இருந்துச்சு, ஐ.எம்.எஸ். பதவிகளைக் காப்பாத்தற ஆசையும் இருந்துச்சு. அதையெல்லாம் கழிச்சுட்டுப் பார்த்தாலும் ஒண்ணு மிஞ்சுது. அவங்க கேட்ட கேள்வி சரியான கேள்வி. எத்தனை மார்க்குன்னு கேக்காம, எத்தனை முறை கையால செஞ்சான், அப்ப பக்கத்துல யார் நின்னாங்கன்னு கேட்டாங்க. கேட்டவரோட யோக்கியதை வேற, கேள்வியோட யோக்கியதை வேற.

விளைவு என்னன்னா 1933ல இந்திய மருத்துவக் கவுன்சில் சட்டம். 1934ல நமக்குன்னு ஒரு கவுன்சில். எல்.எம்.பி. படிச்சவங்களை அதுலயும் வெளிய நிறுத்தினாங்க. அன்னிக்கு கிராமத்துக்கெல்லாம் டாக்டர்னு இருந்ததே பெரும்பாலும் அவங்கதான். வேலூர்ல ஐடா ஸ்கடர் 1918ல பெண்களுக்காக ஆரம்பிச்ச பள்ளியும் எல்.எம்.பி. பள்ளிதான். அந்த முதல் செட்டுல 14 பொண்ணுங்க பரீட்சைக்குப் போய் 14 பேரும் தேறினாங்கன்னு வேலூர்ல இன்னிக்கும் பெருமையாச் சொல்வாங்க. ஆனா எல்.எம்.பி. என்ற தராதரத்தையே எடுத்துடணும்னு முடிவானப்போ, மூடறதா மேல போறதான்னு தவிச்சு, 1942லதான் எம்.பி.பி.எஸ்.ஸுக்கு மாறினாங்க. 1946ல போர் கமிட்டி அறிக்கை வந்துச்சு. (யுத்தம் இல்லைங்க, சர் ஜோசப் போர்னு தலைவர் பேர்.) நாடு முழுக்க ஒரே வகை டாக்டர்தான்னு அது சொல்லிச்சு. நம்ம லட்சுமணசாமி முதலியாரும் அதுல உறுப்பினர்.

ஆக சுதந்திரத்துக்கு அப்புறம் நிறப் படிக்கட்டு போயிடுச்சு. எல்லாரும் ஒரே பரீட்சை. ஒரு வருஷம் ஹவுஸ் சர்ஜன். அப்புறம் விருப்பப்பட்டா மூணு வருஷம் பி.ஜி. மேற்பார்வைத் தகுதிங்கற கேள்வி இப்பவாவது வந்துச்சா?

பி.ஜி. முடிவுப் பரீட்சையைப் பாருங்க. விதிப்படி நாலு தேர்வாளர்கள், அதுல ரெண்டு பேராவது வெளியாளுங்க. நல்ல ஏற்பாடு, குறை சொல்ல மாட்டேன். லாங் கேஸ், ஷார்ட் கேஸ், வைவான்னு பிழிஞ்சு எடுத்துடுவாங்க. சில பாடத்துல ஒரு தலைப்பைக் கொடுத்து வகுப்பு நடத்திக் காட்டவும் சொல்வாங்க. ஆனா தேர்வு எழுதறவருக்குக் கீழ ஒரு ஜூனியரை நிறுத்தி, அந்த ஜூனியர் பண்ற தப்பை இவர் எப்போ கண்டுபிடிக்கிறார், எப்படிச் சொல்றார், எப்போ தானே கையில எடுத்துக்கறார்னு யாரும் பார்க்கறதில்லை. நோயாளி, தேர்வர், நாலு பெரியவங்க. ஜூனியருக்கு அந்த ரூமில் இடமே இல்லை.

என் அக்கா பொண்ணு எம்.டி. முடிச்சா. எந்தக் காலேஜ்னு வேணாம். ரிசல்ட் வந்து கொஞ்ச நாள்ல சீனியர் ரெசிடெண்டா சேர்ந்தாச்சு. முதல் நைட் டூட்டி முடிச்சுட்டு போன் பண்ணினா. "மாமா, போன மாசம் வரைக்கும் நான் எழுதினதுக்குக் கீழ ஒருத்தர் கையெழுத்துப் போடணும். இந்த மாசம் மூணு பேர் எழுதறதுக்குக் கீழ நான் போடறேன். நடுவுல என்ன நடந்துச்சுன்னு எனக்கே தெரியலை"ன்னா. நடுவுல நடந்தது பரீட்சைதான். அந்தப் பரீட்சை இதைக் கேக்கவே இல்லைங்கறதுதான் விஷயம். உதவிப் பேராசிரியர் ஆக ஒரு வருஷம் சீனியர் ரெசிடெண்டா இருந்திருக்கணும்னு விதி இருக்கு. இருந்திருக்கணும்னுதான் விதி. எப்படி இருந்தாங்கங்கறது இல்லை. அரசுப் பணியில மேல போறதும் பெரும்பாலும் சீனியாரிட்டி பேனல் வழியாத்தான்.

இதைக் கேட்டப்போ எனக்கு உடனே எங்க ஊர்ப் பக்கம்தான் ஞாபகம் போச்சு. முத்தாண்டிக்குப்பத்துல முந்திரிக்காட்டைத் தாண்டினா நெய்வேலி. சுரங்கத்துல வேலை பார்க்கற ஆளுங்க இல்லாத தெருவே கிடையாது. அங்க ஒருத்தர் நல்லா மெஷின் ஓட்டறார்ங்கறதுக்காக நாளைக்கு நாலு பேருக்கு மேல நிறுத்திட முடியாது. நிலக்கரிச் சுரங்க ஒழுங்குமுறைகள்னு 1957லேர்ந்து இருக்கு. அதுக்குப் பதிலா 2017ல புதுசு வந்தாச்சு. லிக்னைட்டும் அதுக்குள்ளதான் வரும். அதுப்படி மைனிங் சர்தாருக்குத் தனிச் சான்றிதழ். சர்தாரை மேற்பார்வை பார்க்கற ஓவர்மேனுக்குத் தனிச் சான்றிதழ். மேனேஜருக்கு இரண்டாம் வகுப்பு, முதல் வகுப்புன்னு தனித்தனி. நெய்வேலி மாதிரி திறந்தவெளிச் சுரங்கத்துக்கு மட்டும் செல்லுபடியாகற சான்றிதழும் உண்டு. அதை வச்சுக்கிட்டு ஜாரியாவுல பூமிக்குக் கீழ இறங்க முடியாது. இதையெல்லாம் கொடுக்கறது சுரங்கத் தேர்வு வாரியம். தன்பாத்துல இருக்கற சுரங்கப் பாதுகாப்பு இயக்ககத்தோட தலைமை ஆய்வாளர்தான் அதுக்குத் தலைவர். நிறுவனத்து ஆள் இல்லை.

கவனிங்க. ஒவ்வொரு படியிலயும் கேக்கறதே, உனக்குக் கீழ இருக்கற ஆளு உயிரோட வீட்டுக்குப் போக நீ என்ன பண்ணுவேங்கறதுதான். ஓவர்மேனோட கடமை என்ன, எதை எப்போ நிறுத்தணும், ரிப்போர்ட்ல என்ன எழுதணும். சான்றிதழ் இருந்தாலும் போதாது, இந்த இடத்துக்கு இவர்னு எழுத்துல நியமிக்கணும். டீக்கடையில "அவன் ஓவர்மேன் பாஸ் பண்ணிட்டான்"னு சொன்னா அதுக்கு அர்த்தம் இருக்கு. சுரங்கத்துல விபத்தே இல்லைன்னு சொல்ல வரலை. பொறுப்புங்கறது தனித் தகுதின்னு அங்க சட்டம் ஒத்துக்கிச்சு. ஆஸ்பத்திரியில அது பட்டத்தோட சேர்ந்து இலவச இணைப்பா வந்துடும்னு நினைச்சுக்கிட்டோம்.

அமெரிக்கால ரொம்ப ஒழுங்கோன்னு நினைக்காதீங்க. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரி 1889ல திறந்தப்போ, வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற சர்ஜன் ஆரம்பிச்சு வச்ச ரெசிடென்சி முறை ஒரு கூம்பு. கீழ பல பேர் சேருவாங்க, வருஷா வருஷம் கழிச்சுக் கட்டி உச்சியில ஒருத்தர். யார் அந்த ஒருத்தர்னு முடிவு பண்றது ஹால்ஸ்டெட். அவ்வளவுதான் குழு.

அதை உலுக்கினது ஒரு சாவு. 1984 மார்ச், நியூயார்க் ஆஸ்பத்திரி. லிபி சயான்னு 18 வயசுப் பொண்ணு. ஜுரம், உடம்பு தூக்கித் தூக்கிப் போடுதுன்னு ராத்திரி சேர்த்தாங்க. பார்த்தது முதல் வருஷ டாக்டர் ஒருத்தரும் இரண்டாம் வருஷ டாக்டர் ஒருத்தரும். பெரிய டாக்டர் போன்ல. அந்தப் பொண்ணு ஏற்கனவே மனச்சோர்வுக்கு ஒரு மாத்திரை சாப்பிட்டிட்டிருந்தா. அதோட சேரக் கூடாத ஒரு ஊசியைப் போட்டாங்க. முதல் வருஷ டாக்டருக்கு அந்த ராத்திரி நாற்பது நோயாளி அளவுக்குச் சுமை. காலையில பொண்ணு இல்லை. அப்பா பத்திரிகைக்காரர், சும்மா விடலை. விசாரணைக்கு வந்த ஜூரி, டாக்டர்கள் மேல கொலைக் குற்றம் சாட்டாம பயிற்சி முறையையே குற்றம் சொல்லிச்சு. பெர்ட்ரண்ட் பெல் தலைமையில கமிட்டி போட்டு, 1989ல நியூயார்க் மாநிலத்துல விதி வந்துச்சு. வாரத்துக்கு 80 மணி நேரத்துக்கு மேல வேலை கூடாது, மூத்த டாக்டர் பக்கத்துல இருக்கணும். உலகம் 80 மணி நேரத்தை மட்டும் பிடிச்சுக்கிச்சு. மேற்பார்வைதான் முக்கியம், மணிக்கணக்கு அடுத்ததுதான்னு பெல்லே பின்னாடி சொல்லிப் பார்த்தார்.

2005ல நெதர்லாந்துல ஓல்லே டென் காத்தே என்ற மருத்துவக் கல்வியாளர் கேள்வியை மாத்திப் போட்டார். இவனுக்கு எவ்வளவு தெரியும்னு கேக்காதீங்க. இந்த வேலையை இவன்கிட்ட நம்பி ஒப்படைக்கலாமான்னு கேளுங்கன்னார். அதுக்கு அஞ்சு படி வச்சார். முதல் படி, பக்கத்துல நின்னு பார்க்கலாம். ரெண்டாவது, பெரியவர் கூடவே நிக்க, செய்யலாம். மூணாவது, கூப்பிட்டா வர்ற தூரத்துல பெரியவர் இருந்தாப் போதும். நாலாவது, தனியாச் செய்யலாம். அஞ்சாவது, அடுத்தவர் செய்யறதை மேற்பார்வை பார்க்கலாம். தனியாச் செய்யறது நாலு, பிறரைப் பார்த்துக்கறது அஞ்சு. அந்த நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல ஒரு கோடு போட்டாரே, என் அக்கா பொண்ணு போன்ல கேட்ட கேள்வி அந்தக் கோட்டு மேலதான் நிக்குது.

2013லேர்ந்து அமெரிக்கப் பயிற்சித் திட்டங்கள்ல இதுக்குன்னே குழு கட்டாயமாச்சு. குறைஞ்சது மூணு ஆசிரியர்கள். வருஷத்துக்கு ரெண்டு தடவை உட்கார்ந்து ஒவ்வொரு பயிற்சி டாக்டரைப் பத்தியும் பேசணும். பேசினாங்க. எப்படிப் பேசறாங்கன்னு ஆராய்ச்சி பண்ணவங்களும் இருக்காங்க. பல குழுக்கள் 'பிரச்சினைக்காரர் யாரு'ன்னு தேடறதுலயே நேரத்தைச் செலவழிக்குதுன்னு தெரிஞ்சது. மத்தவங்க எல்லாரும் 'நல்ல பையன், அடுத்தது' கணக்குல தாண்டிப் போயிடறாங்க. புகார் வராததையே தகுதின்னு எடுத்துக்கறது. அப்புறம் குழுன்னாலே இருக்கற வியாதிகள். மூத்தவர் முதல்ல வாயைத் திறந்துட்டா மிச்சப் பேர் தலையாட்டுவாங்க. யாரோ சொன்ன ஒரு சம்பவம் ஒருத்தர் தலையில ஒட்டிக்கும். நம்ம ராணுவ நீதிமன்றத்துல பாருங்க, ரொம்ப ஜூனியரான உறுப்பினர்தான் முதல்ல அபிப்ராயம் சொல்லணும்னு விதி. மேஜர் சொன்னதுக்கப்புறம் லெஃப்டினெண்ட் மாத்திச் சொல்ல மாட்டார்னு விதி எழுதினவனுக்குத் தெரிஞ்சிருக்கு. இதுக்கெல்லாம் ஆராய்ச்சியே வேணாம், ஒரு சம்பந்தம் பேசற கூடத்துல உட்கார்ந்து பார்த்தாப் போதும்.

எனக்கென்னவோ, அந்தக் குழுவுல கேக்க வேண்டிய முக்கியமான ஆள் நர்ஸ்தான்னு தோணுது. எந்த டாக்டர் கூப்பிட்டா வருவார், எவர் ஜூனியரைத் திட்டியே பயமுறுத்தி வச்சிருக்கார், எவருக்குத் தெரியலைன்னா தெரியலைன்னு சொல்ல வரும்னு அந்த வார்டு சிஸ்டருக்குத் தெரியற மாதிரி பேராசிரியருக்குத் தெரியாது. மேற்பார்வைக்கு வேண்டிய குணமே அதுதானே? தனக்குத் தெரியாததைச் சொல்றதும், கீழ இருக்கறவன் தெரியலைன்னு சொன்னா அவனைக் கடிக்காம இருக்கறதும். பயந்த ஜூனியர் போன் பண்ண மாட்டான். போன் வராத ராத்திரிதான் ஆபத்தான ராத்திரி.

நம்ம நாட்டுலயும் சும்மா இல்லை. 2019ல சேர்ந்த எம்.பி.பி.எஸ். மாணவர்கள்லேர்ந்து திறன் அடிப்படைப் பாடத்திட்டம் வந்துச்சு. தெரியும், எப்படின்னு தெரியும், செஞ்சு காட்டுவான், தானே செய்வான்னு ஒவ்வொண்ணுக்கும் படி. 'தானே செய்வான்'ங்கற படியில இத்தனை தடவை செஞ்சிருக்கணும்னு எண்ணிக்கையும், லாக் புக்கும். 1920கள்ல பிரசவக் கணக்குக் கேட்டு நம்மளைக் கொதிக்க வச்ச அதே கேள்வி, இப்ப நம்ம விதியாவே. அஞ்சாவது படியை மட்டும் இன்னும் காணோம். 2020ல மருத்துவக் கவுன்சில் போய் தேசிய மருத்துவ ஆணையம் வந்துச்சு. 2021ல சேர்ந்த பி.ஜி.க்கள்லேர்ந்து மாவட்ட ஆஸ்பத்திரியில மூணு மாசம் வேலை கட்டாயம்.

இந்த மூணு மாசத்தைத்தான் நான் கொஞ்சம் ஆர்வமாப் பார்க்கறேன். காலேஜ்ல சீஃப், அசோசியேட், அசிஸ்டெண்ட்னு அடுக்கா இருப்பாங்க. மாவட்ட ஆஸ்பத்திரியில அந்த அடுக்கு மெலிசு. அங்க இருக்கற ஸ்பெஷலிஸ்ட் ஒருத்தர், ஓ.பி. கூட்டத்துக்கு நடுவுல, வந்த பி.ஜி.யைப் பார்த்துக்கணும். பல பேர் வாழ்க்கையில ஒரு வகுப்பும் எடுத்ததில்லை. மேற்பார்வை பார்க்கற தகுதி உங்களுக்கு இருக்கான்னு அவரையும் யாரும் கேட்டதில்லை. ஆனா திருப்தியா முடிச்சார்னு அங்கேர்ந்து சான்று வராம அந்தப் பி.ஜி. ஃபைனல் பரீட்சைக்கு உட்கார முடியாது.